ஐந்து நட்சத்திரமும் இரண்டு நட்சத்திரமும் ஒன்றாக வாங்கிய முதல் ஆல்பக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இண்டி ராக் பேண்ட் நண்பர்களே,

வணக்கம். ஆல்பம் வெளியாகி மூன்று வாரம் ஆகியிருக்கும். "இந்த வருஷத்தின் சிறந்த முதல் ஆல்பம்" என்று ஒருவர் எழுதியிருப்பார். அதற்கு நேர் கீழே "இரண்டு பாட்டுக்கு மேல் உட்கார முடியவில்லை" என்று இன்னொருவர். டிரம்மர் எல்லாவற்றையும் படித்துவிட்டுத் தூக்கம் கெட்டுக் கிடப்பார். பாடுபவர் ஒன்றையும் படிக்க மாட்டேன் என்பார். கிட்டார்காரருக்கோ ஒவ்வொருவருக்கும் பதில் எழுதக் கை துறுதுறுக்கும். ஒலிப்பதிவு, மிக்ஸிங் (பதிவான தடங்களைக் கலப்பது), மாஸ்டரிங் (கலந்ததை வெளியீட்டுக்குத் தயார் செய்யும் கடைசிக் கட்டம்) வேலையில் இருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து உங்களுக்கு இதை எழுதுகிறோம். ஆறுதல் சொல்ல அல்ல. அந்தக் கருத்துகளை எப்படிப் படிப்பது என்று சொல்ல.

கேட்பவருக்கு உறுத்தியது உண்மை. ஏன் உறுத்தியது என்று அவர் சொல்லும் காரணத்தை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். "வரிகளில் சரக்கே இல்லை" என்று எழுதியவருக்கு வரிகள் காதில் விழவே இல்லை என்பதுதான் நடந்திருக்கும். "டிரம்மர் சரியில்லை" என்பவர் கேட்டது லிமிட்டர் (ஒலியின் உச்சங்களை அமுக்கும் கருவி) நசுக்கிய ஸ்னேரை (டிரம்ஸில் சுளீரென்று ஒலிக்கும் டிரம்). எங்கே பிசகியது என்று தேடிப் பார்க்காமல் அடுத்த ஆல்பத்துக்குப் பாணியை மாற்றுவதும், ஆளை மாற்றுவதும்தான் வழக்கமாக நடக்கிறது.

முதலில் சராசரி மதிப்பெண்ணைப் பார்ப்பதை விடுங்கள். நூறு பேர் ஆளுக்கு 3 கொடுத்தாலும் சராசரி 3. ஐம்பது பேர் 5, ஐம்பது பேர் 1 கொடுத்தாலும் அதே 3தான். முன்னது யாருக்கும் ஒட்டாத ஆல்பம்; பின்னதற்குத் தனியாக ஒரு கூட்டம் இருக்கிறது. இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. மதிப்பெண் எப்படிப் பரவியிருக்கிறது என்று பாருங்கள்.

பிறகு ஒரு தாளில் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: உங்களை மேடையில் பார்த்தவர்கள், முன்பு வெளியிட்ட தனிப்பாடல் வழியாக வந்தவர்கள், இந்த ஆல்பத்தில்தான் முதன்முதலாகக் கேட்பவர்கள். ஒவ்வொரு கருத்தையும் அதற்குரிய பத்தியில் எழுதுங்கள். யார் எந்த வகை என்பது அவர்கள் எழுதியதிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். மூன்று பத்தியிலும் வரும் குறை ஆல்பத்தின் குறை. மேடைப் பத்தியில் மட்டும் வருவது வேகமும் கனமும் பற்றியது. தனிப்பாடல் பத்தியில் மட்டும் வருவது எதிர்பார்ப்பு பற்றியது. அதை அவ்வளவாக மனதில் போட்டுக்கொள்ள வேண்டாம். பாட்டின் பெயரையோ இடத்தையோ சொல்லாத கருத்தை, பாராட்டாக இருந்தாலும் சரி, ஓரமாக வையுங்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

ஸ்ட்ரீமிங் எண்களிலும் இதே கவனம் தேவை. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு கேட்பு கணக்கில் ஏறும். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை எண் குறைந்துகொண்டே போவது பெரும்பாலான ஆல்பங்களில் நடப்பது. அந்தச் சரிவைக் கண்டு பயப்படாதீர்கள். நான்காவது பாட்டில் திடீரென்று ஒரு படி இறங்கி, ஐந்தாவதிலிருந்து அதே மட்டத்தில் போகிறதா? அந்த நான்காவது பாட்டின் முதல் 30 விநாடியைத்தான் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஒரு நிமிடம் கிட்டார் ஊளையிடும் ஃபீட்பேக் சத்தத்தோடு தொடங்கும் பாட்டு அங்கே இருந்தால் விடை கையிலேயே இருக்கிறது.

இனி அடிக்கடி வரும் குறைகள்.

"பாடுறது புரியல." முதல் ஆல்பங்களில் இதுதான் அதிகம். காரணம் இரண்டு. ஒன்று, சொற்கள் தெளிவாகக் கேட்பதற்கு வேண்டிய பகுதி ஏறக்குறைய 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ். டிஸ்டார்ஷன் (கரகரப்பு) போட்ட கிட்டாரும் சிம்பலும் குடியிருப்பதும் அங்கேதான். இரண்டு பக்கமும் கிட்டாரை நிறைத்துவிட்டால் குரலுக்கு இடம் இருக்காது. இரண்டாவது காரணத்தை யாரும் வெளியே சொல்வதில்லை. பாடுபவருக்குத் தன் குரலைக் கேட்கக் கூச்சம். "கொஞ்சம் உள்ளே தள்ளுங்க" என்று மிக்ஸின்போது ஒவ்வொரு சுற்றிலும் அரை டெசிபெல் குறைக்கச் சொல்வார். நான்கு சுற்று போனால் 2 டெசிபெல் காணாமல் போயிருக்கும். பேண்டில் ஒருவருக்கும் அது தெரியாது, ஏனென்றால் உங்கள் எல்லாருக்கும் வரிகள் மனப்பாடம். காதில் விழாத சொல்லை மூளை நிரப்பிக்கொள்ளும். பாட்டை இதுவரை கேட்டிராத ஒருவரிடம் கொடுத்து, முதல் சரணத்தைக் கேட்கக் கேட்க எழுதச் சொல்லுங்கள். பாதிச் சொல்லுக்கு மேல் விட்டுப்போனால் குரல் கீழே இருக்கிறது. அடுத்த முறை மிக்ஸை முடிக்கும்போது அதே அமர்வில் குரலை 1 டெசிபெல் கூட்டி ஒன்று, 1 டெசிபெல் குறைத்து ஒன்று, குரலே இல்லாமல் ஒன்று என்று மூன்று பிரதி கூடுதலாக எடுத்து வையுங்கள். ஒரு பாட்டுக்குப் பத்து நிமிட வேலை. கிட்டாரில் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 2 டெசிபெல் மட்டும் வெட்டிப் பார்ப்பதும், குரலை ஏற்றுவதைவிட நல்ல பலனைத் தருவதுண்டு.

"போன்ல கேட்டா பேஸ் இல்ல, கிட்டாரும் ஒரு மாதிரி காணாமப் போகுது." இவரை ஏளனம் செய்யாதீர்கள். போனில் கேட்பவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. போனின் ஒலிபெருக்கிக்கு அதெல்லாம் எட்டாத ஆழம். ஆனால் அந்தச் சுரத்தின் மேல் அதிர்வுகள் கேட்டால் அடிச்சுரம் இருப்பதாகக் காது எடுத்துக்கொள்ளும். எனவே பேஸுக்கு ஒரு நகல் எடுத்து, லேசாக டிஸ்டார்ஷன் கொடுத்து, 700 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை அடியில் கலந்துவிட்டால் போனிலும் பேஸ் நடமாடும். கிட்டார் காணாமல் போவது வேறு கதை. ஒரே ஆம்புக்கு (கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டி) முன்னால் இரண்டு மைக் வைத்து, ஒன்று மற்றதைவிட 34 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் ஒலி அங்கே 1 மில்லி விநாடி தாமதமாகப் போகும். இரண்டையும் சம அளவில் கலந்தால் 500 ஹெர்ட்ஸில் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். கிட்டாரின் உடம்பே அந்தப் பகுதிதான். ஸ்டீரியோவை அகலப்படுத்தும் பிளகின்களும் (கூடுதல் மென்பொருள்கள்) மோனோவில் (இடதும் வலதும் ஒன்றாகக் கலந்த ஒலி) இதே வேலையைக் காட்டும். முழு மிக்ஸையும் மோனோவில் போட்டு, பேசும் குரலைவிடச் சன்னமாக வைத்து ஒருமுறை கேட்டிருந்தால் மாட்டியிருக்கும். எதையும் வாங்க வேண்டாம், ஒரு பொத்தானை அமுக்கினால் போதும்.

"தலை வலிக்குது", "நாலாவது பாட்டுக்குள்ள சலிச்சுப் போச்சு", "டிரம்ஸ் அட்டைப்பெட்டி மாதிரி இருக்கு." இந்த மூன்றையும் எழுதியவர்கள் மூன்று பேராக இருக்கலாம், நோய் ஒன்றுதான்: மாஸ்டர் அளவுக்கு மீறி உரக்க இருக்கிறது. மற்ற ஆல்பங்களுக்குப் பக்கத்தில் ஓடும்போது நம் பாட்டு சிறுத்துவிடக் கூடாது என்ற பயத்தில் லிமிட்டரை அழுத்துகிறார்கள். ஆனால் ஸ்ட்ரீமிங்கில் அந்தப் பந்தயமே கிடையாது. ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் எல்லாவற்றையும் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (பாட்டின் உரப்பை அளக்கும் அலகு; பூஜ்யத்தை நெருங்க நெருங்க உரப்பு கூடும்) மட்டத்துக்குக் கொண்டுவருகிறது. ஆப்பிள் மியூசிக்கின் சவுண்ட் செக் ஏறக்குறைய மைனஸ் 16க்குக் கொண்டுவருகிறது. உங்கள் மாஸ்டர் மைனஸ் 6 என்றால் ஸ்பாட்டிஃபை அதை 8 டெசிபெல் இறக்கிவிடும். உரத்த ஒலியும் மிஞ்சாது, அதற்காக நீங்கள் கொடுத்த விலையும் திரும்பக் கிடைக்காது. விலை எது? ஸ்னேரின் முதல் அடி. மைனஸ் 10க்குச் செய்த மாஸ்டரையும் மைனஸ் 6க்குச் செய்ததையும் ஒரே மட்டத்தில் வைத்துக் கேளுங்கள். முன்னதில் ஸ்னேர் முகத்துக்கு நேராக வந்து விழும், பின்னதில் சுவருக்குப் பின்னால் யாரோ தட்டுவது போல் இருக்கும். பல்லவி வரும்போது பாட்டு பெரிதாக வேண்டும். சரணத்திலேயே கூரையைத் தொட்டுவிட்டால் பல்லவி போவதற்கு இடம் ஏது? "பல்லவி எடுபடல" என்ற கருத்தையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் மைனஸ் 14க்குச் செய்யுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ராக் பாட்டு மைனஸ் 11, மைனஸ் 9 என்று இருந்தாலும் நன்றாக ஒலிக்கும். டிரம்ஸ் செத்துப்போகும் இடத்துக்கு முன்னால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். உச்சத்தையும் பாருங்கள். ஸ்பாட்டிஃபை கேட்பது ட்ரூ பீக் (ஒலி எட்டும் உண்மையான உச்சம்) மைனஸ் 1 டெசிபெல்லுக்குள். மாஸ்டர் மைனஸ் 14ஐவிட உரக்க இருந்தால் மைனஸ் 2க்குள். கோப்பைச் சுருக்கும்போது உச்சங்கள் சற்று மேலே ஏறும் என்பதால் இந்த இடைவெளி. கணினியில் சுத்தமாக இருந்த சிம்பல் ஸ்ட்ரீமிங்கில் மட்டும் கரகரப்பது இதனால்தான்.

மாஸ்டரிங் செய்தவர் மேல் உடனே பாய வேண்டாம். மெட்டாலிகா பேண்டின் டெத் மேக்னெட்டிக் ஆல்பம் 2008இல் வந்தபோது இதே புகார் கிளம்பியது. கிட்டார் ஹீரோ என்ற வீடியோ விளையாட்டில் இருந்த அதே பாடல்கள் அவ்வளவு நசுக்கப்படாமல் இருந்ததை ரசிகர்களே ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்கள். தன் கைக்கு வருமுன்பே மிக்ஸ் நசுங்கியிருந்தது என்றார் மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன். உங்கள் விஷயத்திலும் மிக்ஸ் கோப்பைத் திறந்து அலைவடிவத்தைப் பாருங்கள். செங்கல் மாதிரி இருந்தால் தவறு மிக்ஸிலேயே நடந்துவிட்டது. அதை மாஸ்டரிங்கில் அவிழ்க்க முடியாது.

"மேடையில கேட்ட பேண்ட் இது இல்ல." இதைக் கேட்கும்போது வலிக்கும். ஆனால் இதில் பாதியை அளந்தே பார்த்துவிடலாம். கடைசி ஐந்து நிகழ்ச்சிகளின் போன் வீடியோக்களை எடுத்து, ஒவ்வொரு பாட்டின் வேகத்தையும் தட்டித் தட்டி அளந்து, நடு எண்ணை எடுங்கள். மேடையில் நிமிடத்துக்கு 148 அடி ஓடும் பாட்டை ஆல்பத்தில் 140 கிளிக்குக்கு (பதிவின்போது காதில் ஓடும் தாளத் துடிப்பு) வாசித்திருப்பீர்கள். ஏன்? பாட்டு எழுதிய புதிதில் டெமோவுக்கு (மாதிரிப் பதிவு) வைத்த கிளிக்கை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டு மேடையில் வளர்ந்தது, கிளிக் வளரவில்லை. சற்று வேகமாக இருந்தால் தவறில்லை. மேடை வேகத்தை அப்படியே வைத்தாலும் வீட்டில் கேட்க மூச்சு முட்டும், எனவே இரண்டுக்கும் நடுவில் ஓர் எண். பல்லவிக்குக் கிளிக்கை 2 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை அடி) ஏற்றி வைப்பது பழைய தந்திரம், நன்றாக வேலை செய்யும். அதற்குமேல் டிரம்ஸின் ஒவ்வோர் அடியையும் கணினியின் நேரக் கட்டத்தில் இழுத்து ஒட்டவைத்துவிட்டால் பேஸும் கிட்டாரும் டிரம்மரோடு சேர்ந்து முந்திப் பிந்தி வாசித்தது எல்லாம் வீண்.

மீதிப் பாதி கனம். எட்டுக் கிட்டார் தடம் அடுக்கினால் சுவர் மாதிரி ஒலிக்கும் என்று நினைக்கிறீர்கள். எட்டுக் கையும் ஒரே கணத்தில் தந்தியைத் தொடாது. 10, 20 மில்லி விநாடி முன்பின்னாக விழும்போது தொடக்க அடி கரைந்துபோய் எல்லாம் தூரத்தில் நிற்கும். வேறு வேறு கிட்டார், வேறு வேறு ஆம்ப், இடது ஒன்று வலது ஒன்று: இரண்டு தடம் போதும். ஆம்பின் கெயினை (கரகரப்பைக் கூட்டும் அளவு) மேடையில் வைப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். காது சன்னமான ஒலியில் தாழ்ந்த சுரங்களைக் குறைவாகவே கேட்கும்; ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933லேயே அளந்து காட்டிய விஷயம் இது. மேடையில் நெஞ்சில் இடித்த ஒலியை வீட்டில் அதே அமைப்பில் வைத்தால் இரைச்சல்தான் மிஞ்சும், இடி இருக்காது.

ஆனாலும் மேடையைப் போல இல்லாதது எப்போதும் குறை என்று சொல்லிவிட முடியாது. ஜாய் டிவிஷன் என்ற பிரிட்டிஷ் பேண்டின் முதல் ஆல்பம் 1979இல் ஃபேக்டரி ரெக்கார்ட்ஸில் வந்தது. தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் எல்லாவற்றையும் பிரித்துக் குளிரான ஒரு வெளியில் நிறுத்தினார். மேடையில் இருந்த முரட்டுத்தனம் போய்விட்டது என்று பேண்டில் இருந்த பீட்டர் ஹுக்கும் பெர்னார்ட் சம்னரும் வெகுகாலம் குறைப்பட்டார்கள். அந்தக் குளிருக்காகவே அந்த ஆல்பத்தை இன்றும் கேட்கிறார்கள். வித்தியாசம் இதுதான்: ஹானெட் அதைத் தெரிந்து செய்தார். உங்கள் ஆல்பத்தின் தூரம் நீங்கள் வேண்டுமென்று வைத்ததா, வந்து சேர்ந்ததா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வைத்தது என்றால் இந்தக் கருத்துகளைத் தாண்டிப் போய்விடலாம்.

"டெமோவே நல்லா இருந்துச்சு." பழகியது பிடிக்கும். ராபர்ட் ஸயான்ஸ் 1968இல் எழுதிய ஆய்வுக்குப் பிறகு உளவியலில் இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. ஆர்க்டிக் மங்கீஸ் பேண்டின் முதல் ஆல்பம் 2006 ஜனவரியில் வந்து, பிரிட்டனில் முதல் வாரத்திலேயே 3,60,000 பிரதிக்கு மேல் விற்றது. அதற்கு முன்பே கைமாறிய டெமோக்கள்தான் அசல் என்பவர்கள் அவர்களுக்கும் உண்டு. ஆகவே முக்கால் பங்கைக் கழித்துவிடுங்கள். மீதிக் கால் பங்குக்கு ஒரு சோதனை. டெமோவையும் ஆல்பப் பிரதியையும் ஒரே ஒலி அளவுக்குக் கொண்டுவாருங்கள். அரை டெசிபெல் கூடினாலே கூடியது நன்றாக இருப்பதாகத் தோன்றும். பிறகு நான்கை மட்டும் ஒப்பிடுங்கள்: வேகம், சுருதி, முகப்பு இசையின் நீளம், குரல் எங்கே மூச்சு விடுகிறது என்பது. கடைசியில்தான் பெரும்பாலும் மாட்டும். டெமோவில் ஒரே மூச்சில் பாடிய வரியை ஆல்பத்துக்காக ஆறு டேக்கிலிருந்து வெட்டி ஒட்டி, சுருதியையும் நேராக்கியிருப்பீர்கள். சொல்லத் தெரியாவிட்டாலும் கேட்பவருக்கு அது தெரியும்.

"எல்லாப் பாட்டும் ஒண்ணு மாதிரியே இருக்கு." ஓர் அட்டவணை போடுங்கள். பாட்டின் வேகம், சுருதி, குரல் நுழையும் நேரம், முதல் பல்லவியின் நேரம், எந்த ஸ்னேர், எந்தக் கிட்டார், எந்த ரிவெர்ப் (எதிரொலி). பத்துப் பாட்டில் ஏழு 120க்கும் 130க்கும் நடுவில், எல்லாம் ஒரே ட்யூனிங்கில், ஒரே ஸ்னேரில், பல்லவி சரியாக 0:50இல் என்று வந்தால் கேட்பவர் பொய் சொல்லவில்லை. இதில் இப்போதே தீர்க்கக்கூடியது வரிசை ஒன்றுதான். ஒரே சுருதியில் இரண்டு பாட்டுக்கு மேல் அடுத்தடுத்து வைக்காதீர்கள். மென்மையான பாட்டுக்கு முன்னால் இடைவெளியை 4 விநாடிவரை நீட்டலாம். வேகமான பாட்டுக்கு முன்னால் அரை விநாடி போதும். இசைத்தட்டாகவும் போடப் போகிறீர்கள் என்றால் பக்கத்துக்கு 18 முதல் 22 நிமிடம், உரத்த பாட்டு வெளி ஓரத்தில். உள்ளே போகப் போக ஊசிக்குக் கீழே தட்டு ஓடும் வேகம் குறைந்து, "ஸ", "ஷ" ஒலிகள் கிழியும்.

"ஆல்பத்துக்கு ஒரு முகம் இல்ல" என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து வருஷம் எழுதிய பாட்டுகள் ஒரே தட்டில் உட்கார்ந்தால் அப்படித்தான் இருக்கும். இரண்டாவது ஆல்பத்தில் தானாகவே சரியாகும்.

எதை இப்போது தொடலாம்? கோப்பில் இருக்கும் டிக் ஒலி, மாறிப்போன பாட்டு வரிசை, தொடர்ந்து ஓட வேண்டிய இரண்டு பாட்டுக்கு நடுவில் விழும் மௌனம், தவறான பெயர்கள்: இவற்றை இன்றே விநியோகஸ்தருக்கு எழுதித் திருத்துங்கள். உரத்த மாஸ்டர்தான் சிக்கல், மிக்ஸ் நசுங்கவில்லை என்றால் மறுமாஸ்டர் செய்யலாம். லிமிட்டரை எடுத்துவிட்டு, உச்சம் மைனஸ் 3 டெசிபெல்லைத் தாண்டாத 24 பிட் மிக்ஸ் கோப்புகளை மாஸ்டரிங் செய்பவரிடம் கொடுங்கள். மறுமிக்ஸ் என்றால் யோசியுங்கள். அது புதிய பதிவு, புதிய ஐ.எஸ்.ஆர்.சி. எண் (ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள அடையாள எண்) வேண்டும், பழைய கேட்பு எண்ணிக்கை அதோடு வராது. தவிர, பிளவு அதனால் தீரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஸ்டூஜஸ் பேண்டின் 1973 ஆல்பமான ரா பவரை அதன் பாடகர் இக்கி பாப் 1997இல் தானே மறுமிக்ஸ் செய்தார். அது இன்னொரு சண்டைக்கு வழிசெய்தது. 2010 மறுவெளியீட்டில் பழைய மிக்ஸ் திரும்பி வந்தது. செய்துதான் ஆக வேண்டுமென்றால் ஒன்றிரண்டு பாட்டுக்குச் செய்து, தனி வெளியீடாக, பெயரிலேயே சொல்லிப் போடுங்கள். பழையதைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்காதீர்கள். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர் அந்தப் பழையதைத்தான் விரும்பினார். வாசிப்பில் உள்ள குறையை விட்டுவிடுங்கள், அது மேடையில் தீர வேண்டியது.

பதில் எழுதுவதைப் பற்றி ஒன்று. யாருக்கும் விளக்கம் தராதீர்கள். "நாங்கள் வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தோம்" என்ற வாக்கியம் யார் கருத்தையும் மாற்றியதில்லை. "3வது பாட்டில் 2:14இல் ஒரு டிக் கேட்கிறது" என்று எழுதியவருக்கு மட்டும் உடனே நன்றி சொல்லுங்கள். அவர் உங்களுக்கு இலவசமாகத் தரப் பரிசோதனை செய்து கொடுத்திருக்கிறார்.

இதை வாசிக்க நேர்ந்த ரசிகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பாட்டின் பெயர், நிமிடம், கேட்டது ஹெட்போனிலா காரிலா போனிலா. இந்த மூன்றையும் சேர்த்துத் திட்டினால் பேண்டுக்குப் பெரிய உதவி.

இப்படிக்கு,
மிக்ஸிங், மாஸ்டரிங் மேசைகளின் பக்கமிருந்து சிலர்

பி.கு.: இந்த வாரமே எல்லாப் பாட்டுக்கும் தடங்களைத் தனித்தனிக் கோப்பாக, எல்லாம் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து, 24 பிட்டில் எடுத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். எஃபெக்ட் போட்டு ஒன்று, போடாமல் ஒன்று. ஒவ்வொரு பாட்டின் வேகத்தையும் ட்யூனிங்கையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். இரண்டு வருஷம் கழித்து மறுமிக்ஸ் செய்ய உட்காரும்போது அந்தப் பிளகின்களில் பாதி உங்கள் கணினியில் திறக்காது.